செய்தியின் கடைசிச் சொல்

பெங்களூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் வரும் ஊர் பர்கூர். ஜவுளி மொத்தக் கடைகளுக்குப் பேர்போன இந்த ஊர், தமிழக அரசியலில் ஒரு வரியால் நினைவில் நிற்கிறது. 1991-இல் இங்கே வென்று முதல்வரான ஜெயலலிதா, 1996-இல் முதல்வராக இருந்துகொண்டே இதே தொகுதியில் தி.மு.க.வின் இ.ஜி. சுகவனத்திடம் தோற்றார். இந்த வரியில் உள்ள 'தோற்றார்' என்ற வினைக்குச் சாட்சி தேவையில்லை. வாக்குகளை எண்ணினார்கள், முடிவை அறிவித்தார்கள், பதிவேட்டில் ஏறியது. ஆனால் அவர் ஏன் தோற்றார் என்று எழுதத் தொடங்கிய மறுநிமிடமே நிலைமை மாறிவிடுகிறது. அவருடைய வளர்ப்பு மகனின் ஆடம்பரத் திருமணம் காரணம் என்று ஒருவர் சொல்லலாம், கூட்டணிக் கணக்கு காரணம் என்று இன்னொருவர் சொல்லலாம். இந்த இடத்தில் நிருபருக்கு 'தோற்றார்' போன்ற வினை உதவாது. 'சொன்னார்' என்ற வினைதான் வேண்டும். செய்தித்தாளைப் பிரித்து எண்ணிப் பார்த்தால், நடந்ததைச் சொல்லும் வரிகளைவிடப் பிறர் சொன்னதைச் சொல்லும் வரிகளே அதிகம் என்பது புலப்படும். ஆகவே ஒரு பத்திரிகையின் நேர்மையை அளக்க அதன் தலையங்கத்தைப் படிப்பதைவிட, 'சொன்னார்' என்பதற்கு அது எந்தெந்தச் சொற்களை யார் யாருக்குத் தருகிறது என்று பார்ப்பதே மேல்.

ஆங்கிலப் பத்திரிகை உலகம் இந்த வேலைக்கு 'ஸே' என்ற மிகச் சாதாரண வினையை வைத்திருக்கிறது. அதன் இறந்தகாலமான 'ஸெட்' அங்கே பத்திக்குப் பத்தி வரும். புதிதாகச் சேரும் நிருபருக்கு அங்கே சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று, இந்தச் சொல்லை மாற்றாதே என்பதுதான். 'க்ளெய்ம்' என்று எழுதினால் சொன்னவரை நம்பவில்லை என்று பொருள் வந்துவிடும். 'அட்மிட்' என்றால் அவர் தவறு செய்தவராகிவிடுவார். 'ரிவீல்' என்றால் அவர் சொன்னது உண்மை என்று பத்திரிகையே முத்திரை குத்தியதாகிவிடும். 'ஸெட்' மட்டும் எந்தப் பக்கமும் சாயாது. இந்தப் பாடத்தை அங்கேயும் எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை. ஆனாலும் மீறும்போது மீறுகிறோம் என்ற உணர்வாவது இருக்கிறது. தமிழ்ச் செய்தி அறையில் இருப்பு அதைவிடப் பெரிது: கூறினார், தெரிவித்தார், சுட்டிக்காட்டினார், வலியுறுத்தினார், ஒப்புக்கொண்டார், குற்றம் சாட்டினார், சாடினார், கொந்தளித்தார், பெருமிதம் தெரிவித்தார். இருப்பு பெரிதாக இருப்பதில் தவறில்லை. எது யாருக்குப் போகிறது என்பதில்தான் சிக்கல்.

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் நுரை பொங்கி வருவது ஆண்டுதோறும் செய்தியாகும் விஷயம். அந்தச் செய்தி ஏறத்தாழ இப்படித்தான் அமையும்: 'அணையில் நேற்று நுரை பொங்கியது. கர்நாடகத் தொழிற்சாலைகளின் ரசாயனக் கழிவே காரணம் என விவசாயிகள் குற்றம் சாட்டினர். தண்ணீர் மாதிரி பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளதாக அதிகாரிகள் தெரிவித்தனர்.' மூன்று வரிகளும் பழகிய வரிகள், எதிலும் பொய்யில்லை. ஆனால் விவசாயிக்குக் கிடைத்த வினையையும் அதிகாரிக்குக் கிடைத்த வினையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'தெரிவித்தல்' என்றால் தெரியச்செய்தல். இருக்கிற ஒன்றைத்தான் தெரியச்செய்ய முடியும். ஆகவே அதிகாரி வாயிலிருந்து வந்தது தகவல் ஆகிவிடுகிறது. 'குற்றம் சாட்டுதல்' அப்படியல்ல, இன்னும் மெய்ப்பிக்க வேண்டிய ஒன்றை ஒருவர்மேல் ஏற்றுவது. ஆகவே விவசாயி வாயிலிருந்து வந்தது புகார் ஆகிவிடுகிறது. தன் வயலுக்குப் பாயும் தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும் தினமும் பார்ப்பவர் விவசாயி. அவர் சொன்னதில் ஒரு பகுதி கண்ணால் கண்டது, ஒரு பகுதி அனுமானம். மாதிரி அனுப்பிய அதிகாரி சொன்னதும் அந்த நேரத்தில் ஒரு கூற்று மட்டுமே. நிருபர் அந்த ஆய்வகச் சீட்டைப் பார்க்கவில்லை. இருவர் பேச்சுக்கும் ஆதாரத்தின் எடை ஒன்றாக இருக்கையில் வினையின் எடை மட்டும் ஏன் மாறுகிறது?

பதவிதான் அதை மாற்றுகிறது. ஓசூர்த் தொழில் வட்டாரத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு இந்த வரிசை பிடிபட்டுவிடும். நிறுவனம் 'அறிவிக்கும்', அமைச்சர் 'உறுதியளிப்பார்', ஆட்சியர் 'தெரிவிப்பார்', எதிர்க்கட்சிக்காரர் 'சாடுவார்', ஒப்பந்தத் தொழிலாளி 'முறையிடுவார்', பெண்கள் 'கண்ணீர் மல்கக் கூறுவர்', கைதானவர் 'ஒப்புக்கொள்வார்'. இது யாரும் உட்கார்ந்து திட்டமிட்ட சதியல்ல. செய்தி வரும் வழியே இதற்குக் காரணம். மேலே இருப்பவர்களிடமிருந்து செய்தி அச்சடித்த குறிப்பாக வருகிறது, வினையும் அந்தக் குறிப்பிலேயே வந்துவிடுகிறது. கீழே இருப்பவர்கள் மறியலிலும் மனுநீதி நாளிலும் பேசுகிறார்கள், அங்கே வினையை நிருபர் தேர்ந்தெடுக்கிறார். பத்து ஆண்டு, இருபது ஆண்டு இப்படியே போனால் பழக்கமே இலக்கணமாகிவிடும். இவர் பேசினால் தகவல், அவர் பேசினால் புகார் என்ற பாகுபாடு படிப்பவர் மனத்தில் அவருக்கே தெரியாமல் படிந்துவிடும்.

தமிழின் வாக்கிய அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. ஆங்கிலத்தில் சொன்னவர் பெயரும் சொன்ன வினையும் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிட முடியும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. நாற்பது சொல் நீளமுள்ள வாக்கியத்தில் முப்பத்தொன்பது சொல்வரை எல்லாவற்றையும் நடந்ததாகவே படித்துக்கொண்டு போகிறோம். நாற்பதாவது சொல்லாக 'கூறப்படுகிறது' வருகிறது. அதற்குள் மனம் முடிவெடுத்துவிடுகிறது. அந்தக் கடைசிச் சொல்லிலும் ஆள் இல்லை. கூறியது யார்? காவல் துறையா, பக்கத்து வீட்டுக்காரரா, நிருபரின் ஊகமா? 'தெரிகிறது' என்று முடியும் வாக்கியம் இன்னும் ஒருபடி மேலே போகிறது, யாருக்குத் தெரிகிறது என்பதே அதில் இல்லை. இதற்கான மருந்தும் தமிழ்ப் பத்திரிகை மரபிலேயே இருக்கிறது. 'அவர் கூறியதாவது' என்று தொடங்கி முக்காற்புள்ளி வைத்து, அதன்பின் பேச்சைத் தரும் முறை நம் நாளிதழ்களில் நெடுங்காலமாகப் புழங்குவது. அது பழைய பாணி என்று சிலர் கைவிட்டார்கள். ஆனால் பேசியவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பேச்சைப் பின்னால் தரும் அந்த ஏற்பாடு, வாசகரை ஏமாற்றாத ஏற்பாடு.

கேள்விப்பட்டதையும் கண்டதையும் பிரித்துக் காட்டுவதில் தமிழுக்கு வறுமை ஏதுமில்லை. 'வந்தான்' வேறு, 'வந்தானாம்' வேறு. அந்த 'ஆம்' ஒட்டு, நான் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டேன் என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். அந்த இரண்டு மொழிகளிலும் இதே வேலையைச் செய்யும் ஒட்டு உண்டு. தெலுங்கில் 'வச்சாடு' என்றால் வந்தான், 'வச்சாடட' என்றால் வந்தானாம். கன்னடத்தில் 'பந்தனு' என்றால் வந்தான், 'பந்தனந்தெ' என்றால் வந்தானாம். ஆக பர்கூர்ச் சந்தையில் எந்த மொழியில் பேசுகிறவரும், கண்டதா கேட்டதா என்பதை அடையாளம் காட்டிவிட்டே பேசுகிறார். தொல்காப்பியரும் தாம் முன்னோரிடமிருந்து பெற்ற இலக்கணக் கருத்துகளை 'என்ப', 'மொழிப' என்று அவர்கள் பேரில் ஏற்றியே சொல்கிறார். இத்தகைய மொழியில் அச்சுக்கு வந்ததும் 'ஆம்' சினிமா கிசுகிசுப் பக்கத்துக்குப் போய்விட்டது, செய்திப் பக்கத்துக்கு ஆளில்லாத 'கூறப்படுகிறது' வந்துவிட்டது. செய்தியை 'ஆம்' போட்டு எழுத வேண்டும் என்பதல்ல வாதம். அந்த ஒட்டில் லேசான அவநம்பிக்கையும் கேலியும் கலந்திருப்பதால் செய்திக்கு அது பொருந்தாது. ஆனால் பேச்சு காட்டும் கவனத்தை எழுத்து காட்டவில்லை என்பதை மறுக்க முடியாது.

இந்தக் கவனக்குறைவால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவருக்கு ஒரு வெடிவிபத்து பதில் சொல்லும். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 2023 ஜூலை 29 அன்று பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தனர், அருகிலிருந்த உணவகமும் தரைமட்டமானது. காரணம் எது என்பதில் இரண்டு கூற்றுகள் எழுந்தன. உணவகத்தின் எரிவாயு உருளையில் ஏற்பட்ட கசிவு என்றது மாநில அரசுத் தரப்பு. அது மாநிலங்களவையில் பேசப்பட்டபோது ஒன்றிய அரசுத் தரப்பு அதை மறுத்தது. இங்கே வினை வெறும் நடை அலங்காரமாக நிற்கவில்லை. உருளைதான் காரணம் என்றால் பொறுப்பு உணவகத்தின்மேல் விழும். பட்டாசுதான் காரணம் என்றால், குடியிருப்புப் பகுதியில் கிடங்குக்கு உரிமம் தந்தவர் யார் என்ற கேள்வி எழும். 'சிலிண்டர் வெடித்ததாகக் கூறப்படுகிறது' என்று எழுதும் நிருபர், யாருக்கும் நோகாமல் எழுதிவிட்டதாக நினைக்கலாம். உண்மையில் அவர் ஒரு தரப்பின் கூற்றை அந்தத் தரப்பின் பெயரை நீக்கிவிட்டுப் பொதுச் செய்தியாக்கிவிட்டார். 'எரிவாயுக் கசிவே காரணம் என்று மாநில அரசு சொல்கிறது, ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை' என்று எழுதினால் வாசகர் கையில் இரண்டு கூற்றும் இரண்டு முகவரியும் இருக்கும்.

பெயர் இருந்தும் வினை சறுக்கும் இடங்கள் உண்டு. பர்கூருக்குத் தெற்கே போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டையில் மின் ஸ்கூட்டர் ஆலை அமைக்க ஓலா நிறுவனம் 2020 டிசம்பரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 2,400 கோடி ரூபாய் முதலீடு, ஏறத்தாழ 10,000 பேருக்கு வேலை என்றது நிறுவனம். 2021-இல் இலக்கு வளர்ந்தது. முழுத்திறனில் ஆண்டுக்கு 1 கோடி வண்டிகள், உலகின் மிகப் பெரிய இருசக்கர வாகன ஆலை, முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலை என்று அறிவிப்புகள் வந்தன. ஒரு நிறுவனம் தன் இலக்கைச் சொல்வது இயல்பு, அதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் 'ஆக உள்ளது', 'அமைகிறது', 'வழங்குகிறது' என்ற வினைகளில் அந்த இலக்கு செய்தியானபோது, இலக்குக்கும் நடப்புக்கும் இடையில் இருந்த கோடு அழிந்தது. 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்றபோதும் இதே சிக்கல்தான். 'ஓசூருக்கு விமான நிலையம் வருகிறது' என்று எழுதுவது எளிது. ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய விமான நிலையத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, ஓசூர் அந்த வட்டத்துக்குள் கிடக்கிறது. 'வருகிறது' என்ற நிகழ்காலத்தில் இந்தத் தடைக்கு இடமே இல்லை. 'அமைப்போம் என்று முதல்வர் சொன்னார்' என்ற வாக்கியத்தில் இடம் உண்டு. நிலம் வாங்க நினைப்பவருக்கும் விற்க நினைப்பவருக்கும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தூரம் பணமாகவே தெரியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான வினை 'ஒப்புக்கொண்டார்'. கைதான மறுநாளே 'போலீசாரிடம் பகீர் வாக்குமூலம்' என்று தலைப்பு வந்துவிடுகிறது. காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக நிறுவ முடியாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் விலக்கு. அடித்து வாங்கப்பட்டிருக்கலாம் என்ற அச்சத்தால் ஆங்கிலேயர் காலத்துச் சட்டமே நம்ப மறுத்த ஒன்றை, நாளிதழ் ஒற்றை வினையால் நம்பவைத்துவிடுகிறது. நிருபருக்கு உண்மையில் தெரிந்தது, 'அவர் ஒப்புக்கொண்டதாகக் காவல் துறையினர் சொன்னார்கள்' என்பதுதான். நான்கு சொல் கூடுதல், அவ்வளவே.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. முதல் மறுப்பு நிருபரின் நிலைமை. தாலுகா அளவில் எழுதுபவர் பலர் பகுதிநேர நிருபர்கள். எழுதப்படுபவர்களின் தெருவிலேயே குடியிருப்பவர்கள். சொன்னவர் பெயரைப் போட்டால் அவருக்கு வேலை போகலாம், போட்டவருக்கு வாசலில் ஆள் வரலாம். 'கூறப்படுகிறது' அவர்களுக்குக் கவசம் என்கிறது இந்த வாதம். ஆனால் பெயரை மறைப்பது வேறு, ஆளையே மறைப்பது வேறு. 'பெயர் வெளியிட விரும்பாத ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் சொன்னார்' என்றால் வேலையும் பிழைக்கும், அவர் எங்கிருந்து பேசுகிறார் என்பதும் வாசகருக்குத் தெரியும். சட்டக் கவசம் என்ற எண்ணமோ முழுக்கவே தவறு. அவதூறான ஒன்றைப் பிறர் சொன்னதாக எழுதினாலும், அதை வெளியிட்டவர் வெளியிட்டவரே. நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி தருவது போன்ற சில விலக்குகள் சட்டத்தில் உண்டு, ஆனால் 'கூறப்படுகிறது' அந்த விலக்குகளில் ஒன்றல்ல.

இரண்டாவது மறுப்பு நடையழகு பற்றியது. பத்திக்குப் பத்தி 'சொன்னார், சொன்னார்' என்று வந்தால் சலிக்காதா, ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்றல்லவா பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லித் தந்தார்கள்? சலிப்பது எழுதுபவருக்குத்தான். படிப்பவர் கண் 'என்றார்', 'கூறினார்' போன்ற சொற்களில் நிற்பதே இல்லை, சோற்றில் உப்பைப் போல அது இருப்பது தெரியாமல் இருந்தால்தான் சரி. மேலும் தமிழில் 'என்றார்', 'சொன்னார்', 'கூறினார்' என்று சாயாத வினைகளே மூன்று இருக்கின்றன. பேச்சு நடக்கும் முறையைக் காட்டும் 'கேட்டார்', 'பதிலளித்தார்' இரண்டையும் சேர்த்துக்கொண்டால் எந்தப் பத்தியையும் சலிப்பில்லாமல் எழுதலாம். 1942-இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் பாமரருக்கும் புரியும் எளிய சொற்களால் பெரிய வாசகர் கூட்டத்தை உருவாக்கினார். எளிய சொல் விற்காது என்ற பயத்துக்குத் தமிழ்நாட்டில் ஆதாரமில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. பொய் சொல்பவருக்கும் மெய் சொல்பவருக்கும் ஒரே 'சொன்னார்' என்றால் அது நடுநிலையா, கோழைத்தனமா? கண்ணெதிரே ஒருவர் புளுகும்போது 'சொன்னார்' என்று எழுதிவிட்டு ஒதுங்குவது பத்திரிகையின் வேலையா? இந்தக் கேள்வி நியாயமானது. பதில், தீர்ப்பை வினையில் ஒளிக்காமல் அடுத்த வாக்கியத்தில் வெளிப்படையாக வை என்பதுதான். ஆண்டுக்கு 1 கோடி என்ற இலக்கைக் கேலிசெய்ய 'பீற்றிக்கொண்டது' என்று எழுத வேண்டியதில்லை. 'முழுத்திறனில் ஆண்டுக்கு 1 கோடி வண்டிகள் என்று நிறுவனம் 2021-இல் சொன்னது. 2024-25 நிதியாண்டில் அது விற்றது சுமார் 3.6 லட்சம்' என்று எழுதினால் போதும். 'பீற்றிக்கொண்டது' என்பது எழுதியவரின் எரிச்சல், நாளை நிறுவனம் மறுக்கலாம். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை யாரும் மறுக்க முடியாது. சாடும் வினை வாசகரைக் கட்சி சேரச் சொல்கிறது, சான்று அவரைக் கணக்குப் போடச் சொல்கிறது.

பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்க வேண்டிய வேளையில் இந்த நிதானம் இரக்கமற்றதாகிவிடாதா என்றும் கேட்கலாம். 2024 ஆகஸ்டில் பர்கூர் பகுதியில், தனியார் பள்ளி ஒன்றில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் சிறுமியிடம் பாலியல் அத்துமீறல் நடந்ததாக வழக்குப் பதிவானது மாநிலத்தையே உலுக்கியது. முதன்மைக் குற்றம் சாட்டப்பட்டவர், விசாரணை மன்றத்தில் தீர்ப்பு எதுவும் வரும் முன்பே, அதே மாதத்தில் இறந்தார். இத்தகைய செய்தியில் 'நடந்ததாகக் கூறப்படுகிறது' என்ற முடிவு உண்மையில் யாருக்குத் தீங்கு செய்கிறது? புகார் சொல்லத் துணிந்த சிறுமிக்குத்தான். அவள் வாய்திறந்து சொன்னது காற்றில் வந்த வதந்திபோல் ஆகிவிடுகிறது. அடையாளத்தைச் சட்டப்படி மறைத்துக்கொண்டே, 'சிறுமி தன் புகாரில் இப்படிச் சொல்லியிருக்கிறாள்' என்று எழுதலாம். அதில் அவளுடைய சொல்லுக்கு உரிய இடம் கிடைக்கிறது, தீர்ப்பு சொல்லும் உரிமை நீதிமன்றத்திடமே இருக்கிறது. ஆளைக் காட்டும் எளிய வினை இரக்கத்துக்கு எதிரி அல்ல, அதன் முதல் நிபந்தனை.

இந்தப் பழக்கத்தை மாற்றப் புதிய சட்டமோ புதிய கலைச்சொற்களோ வேண்டியதில்லை. செய்தி ஆசிரியர் மேசையில் ஒரே விதி போதும்: வினையைப் பதவி பார்த்துத் தராதே, ஆதாரம் பார்த்துத் தா. ஆவணம் கையில் இருந்தால் நேராகவே எழுது, 'தோற்றார்' போல. கையில் இருப்பது ஒருவரின் பேச்சு மட்டும் என்றால் அவர் அமைச்சரானாலும் ஆலை அதிபரானாலும் அணைக்கரை விவசாயியானாலும் 'சொன்னார்' என்றே எழுது. வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. நாளைக் காலை நாளிதழில் ஏதேனும் ஒரு உள்ளூர்ச் செய்தியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் அடிக்கோடிட்டு, அதற்கு உரிய ஆள் அந்த வாக்கியத்தில் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கலாம். இல்லாத இடத்தில் யார் சொன்னது என்று கேட்டு ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடலாம். விளம்பரதாரரும் அதிகாரியும் அச்சிட்ட குறிப்போடு பத்திரிகையிடம் தினமும் பேசுகிறார்கள். வாசகரும் கேட்கத் தொடங்கினால், ஓசூர் வட்டாரத்து விவசாயிக்கும் ஒரு நாள் 'குற்றம் சாட்டினார்' போய் 'சொன்னார்' கிடைக்கும்.